காதால் நிரல் எழுதுவோர்

ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். அருகிலிருக்கும் நண்பர்கள் இருவரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு, "பன்னிரண்டு வகுத்தல் இரண்டு கூட்டல் நான்கு, விடை என்ன?" என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகக் கேளுங்கள். ஒருவர் 10 என்று சொல்லக்கூடும். மற்றவர் 2 என்று சொல்லக்கூடும். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 12-ஐ 2-ஆல் வகுத்து 4-ஐக் கூட்டினால் 10 வரும். 12-க்குக் கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் 2 + 4 என்று எழுதியிருந்தால் விடை 2. தாளைப் பார்ப்பவருக்கு இந்த ஐயம் எழுவதே இல்லை. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது; காதுக்குத் தெரிவதில்லை.

இப்போது அதே கேள்வியை வேறு விதமாகக் கேளுங்கள். "பன்னிரண்டு வகுத்தல்" என்று சொல்லிச் சற்று நிறுத்துங்கள். பிறகு "இரண்டு கூட்டல் நான்கு" என்பதைக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரே மூச்சில் சொல்லுங்கள். இருவரும் 2 என்றே சொல்வார்கள். கோடு செய்ய வேண்டிய வேலையை உங்கள் குரல் செய்துவிட்டது.

பார்வையற்ற ஒருவர் கணிப்பொறிக்கு நிரல் எழுத முடியுமா என்ற கேள்விக்கான விடை இந்தச் சிறு வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. முடியும் என்பது இன்று உலகறிந்த செய்தி. ஆனால் அந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. நடுவில் ஒருமுறை, திறந்திருந்த கதவு மூடிக்கொள்ளவும் பார்த்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

கண்ணின் வழியும் காதின் வழியும்

நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. கதையைப் போல அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டே போக முடியாது. நிரல் எழுதுபவர் மேலே போவார், கீழே வருவார். ஒரு அடைப்புக்குறி எங்கே திறந்தது, எங்கே மூடியது என்று தேடுவார். எந்தக் கட்டளை எதற்குள் அடங்கியது என்பதைக் காட்ட, உள்ளடங்கிய வரிகளை இடப்பக்கம் இடம் விட்டுத் தள்ளி எழுதுவது வழக்கம். இக்காலத் திரைகளில் சொற்கள் வகைக்கு ஒரு நிறத்திலும் தோன்றும். பிழையான இடத்தின் அடியில் சிவப்புக் கோடு ஓடும். இவையெல்லாம் கண்ணுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். கண் ஒரு நொடியில் நாற்பது ஐம்பது வரிகளின் மேல் மேய்ந்துவிடும்.

காது அப்படியன்று. அதற்குச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்து சேரும். ஆனால் காதுக்கும் தனிப்பட்ட சில திறமைகள் உண்டு. நம் பேருந்து ஓட்டுநர்கள் எஞ்சினின் ஓசையைக் கேட்டே கியர் மாற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். சமையலறையில் விழுந்தது எவர்சில்வர் தட்டா, கண்ணாடிக் குவளையா என்பதைக் கூடத்தில் இருந்தபடியே சொல்லிவிடுகிறோம். ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வாசல் மணியையும் கேட்கிறோம். ஓசையின் உயரம், வேகம், குரல், திசை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சுமக்க வல்லது. இந்தத் திறமைகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் அறிஞர்கள் முன் நின்ற கேள்வி.

எழுத்து இசையான கதை

இந்த முயற்சி கணிப்பொறிக்கு முந்தியது. 1873-ஆம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலப் பொறியாளர் செலினியம் என்ற தனிமத்தின் ஒரு விந்தைப் பண்பை வெளியிட்டார். அதன்மேல் ஒளி பட்டால் மின்சாரம் அதில் எளிதாகப் பாயும். இருட்டில் அவ்வளவு எளிதாகப் பாயாது. ஒளியின் மாற்றத்தை மின்சாரத்தின் மாற்றமாக்கலாம் என்றால், அதை ஒலியின் மாற்றமாகவும் ஆக்கலாம் அல்லவா? எட்மண்ட் ஃபூர்னியே டால்ப் என்ற இயற்பியலறிஞர் 1910-களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அதைச் செய்து காட்டினார். அவருடைய கருவிக்கு ஆப்டோஃபோன் என்று பெயர். அச்சடித்த வரியின்மேல் அது நகரும்போது, ஒவ்வொரு எழுத்தின் வடிவத்துக்கும் ஏற்ப ஒரு சுரக்கூட்டு ஒலிக்கும். மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண்மணி அதில் தேர்ச்சி பெற்று, நிமிடத்துக்குச் சுமார் 60 சொற்கள் வரை படிக்கும் நிலையை எட்டினார். ஆயினும் கற்பது கடினமாக இருந்ததால் ஆப்டோஃபோன் பரவலாகவில்லை.

முதல் மின்னணுக் கணிப்பொறிகளும் ஊமைகளாக இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1951-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஃபெர்ரான்டி மார்க் 1 கணிப்பொறியில் ஓர் ஒலிபெருக்கி இணைக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் சிசிராக் என்ற கணிப்பொறியிலும் அப்படியே. நிரல் ஓடும்போது எழும் ஓசையைக் கொண்டே, வேலை ஒழுங்காக நடக்கிறதா, ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறதா என்று பொறியாளர்கள் கணித்தார்கள். அவர்கள் கண் பார்வை உள்ளவர்கள்தாம். ஆக, நிரலைக் காதால் அறிவது எல்லோருக்கும் பொதுவான கலையாகவே தொடங்கியது எனலாம்.

துளை அட்டையும் முற்றுப்புள்ளியும்

1960-களில் அமெரிக்காவில் பார்வையற்றோர் பலர் நிரல் எழுதும் தொழிலுக்கு வந்தனர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தியடோர் ஸ்டெர்லிங் என்பவர் அவர்களுக்குப் பயிற்சி அளிக்க முன்னின்றார். அக்காலத்தில் நிரல்களைத் துளையிட்ட அட்டைகளில் பதிவு செய்தார்கள். துளைகளை விரலால் தடவி அறியலாம். ஆனால் கணிப்பொறி தரும் விடையை எப்படிப் படிப்பது? அதற்கு ஓர் எளிய தந்திரம் கண்டார்கள். வரி வரியாக அச்சிடும் பொறியில் முற்றுப்புள்ளி உண்டல்லவா? காகிதத்துக்குப் பின்னால் மெத்தென்ற ஒரு பட்டையைக் கொடுத்து, அந்தப் புள்ளியை மட்டும் வேண்டிய இடங்களில் அடிக்கச் செய்தால் காகிதம் புடைத்துக்கொள்ளும். ஆறு புள்ளிகளால் ஆன பிரெயில் எழுத்து தயார்!

பிறகு அட்டைகள் மறைந்தன. தட்டச்சு விசைகளும் கண்ணாடித் திரையும் வந்தன. விரலால் தடவத் துளையும் இல்லை, புடைப்பும் இல்லை. இந்த இடத்தில்தான் பேச்சு துணைக்கு வந்தது. 1961-இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஐ.பி.எம். கணிப்பொறி ஒரு பாட்டைப் பாடிக் காட்டியிருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் கிளாட் பல்லாண்டுகள் மனிதக் குரலை ஆராய்ந்து, எழுத்தைப் பேச்சாக்கும் விதிகளை வகுத்தார். அவருடைய ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, 1980-களின் முற்பகுதியில் டிஜிட்டல் நிறுவனம் டெக்டாக் என்ற பேசும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணிப்பொறியிலிருந்து ஒரு கம்பி வழியாக எழுத்துகளை அனுப்பினால் பெட்டி அவற்றைப் படித்துச் சொல்லும்.

பேசும் வாய் கிடைத்தது. எதைப் பேசுவது, எப்போது பேசுவது என்று முடிவு செய்ய ஒரு மூளையும் வேண்டுமே! அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தின் கணித அறிஞர் ஜிம் தாட்சர். அவருடைய ஆசிரியராகவும் பின்னர் அதே கூடத்தில் சக ஆய்வாளராகவும் இருந்த ஜெஸ்ஸி ரைட் பார்வையற்றவர். தம் ஆசிரியர் பிறர் உதவியின்றிக் கணிப்பொறியில் வேலை செய்யவேண்டும் என்ற எண்ணத்தில் தாட்சர் ஈடுபட்ட பணி, 1980-களின் நடுவில் ஐ.பி.எம். ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளாக முதிர்ந்தது. 'திரைவாசிப்பான்' என்று நாம் இன்று பொதுப்பெயராக வழங்குவது அந்தப் பெயரிலிருந்து பிறந்ததே.

அது வேலை செய்த முறை எளிமையானது. அக்காலத் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள் வீதம் 25 வரிகள் இருந்தன. ஆக, 2000 எழுத்துகள். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பது கணிப்பொறியின் நினைவகத்தில் குறியீடாகவே பதிவாகியிருந்தது. திரைவாசிப்பான் அந்த நினைவகத்தை எட்டிப் பார்த்து, கேட்ட வரியைப் பேசும் பெட்டிக்கு அனுப்பியது. அந்த நாட்களில் பார்வையற்ற நிரலர், பார்வையுள்ள தம் தோழருடன் ஏறத்தாழச் சமநிலையில் அமர்ந்து வேலை செய்தார்.

திரை படமாக மாறியபோது

அந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷும், 1990-இல் மைக்ரோசாப்டின் விண்டோஸ் 3.0-உம் வந்தன. திரை முழுவதும் படங்கள், சாளரங்கள், பொத்தான்கள். அவற்றின்மேல் சுட்டிக்காட்ட ஒரு மவுஸ். பார்வையுள்ள மக்கள் இதை ஆவலுடன் வரவேற்றனர். பார்வையற்றோருக்கோ இது பேரிடியாக வந்தது. திரையில் தெரியும் 'அ' என்ற எழுத்து இப்போது நினைவகத்தில் எழுத்தாக இல்லை. சில நூறு கரும்புள்ளி வெண்புள்ளிகளின் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்த திரைவாசிப்பானுக்குப் புள்ளிகள்தாம் அகப்பட்டன.

வேலையிலிருந்தவர்களின் கவலையை எண்ணிப் பாருங்கள். அலுவலகம் புதிய முறைக்கு மாறினால், நேற்றுவரை திறமையாளராக இருந்தவர் நாளை ஒன்றும் செய்ய இயலாதவராகிவிடுவார். அவருடைய அறிவு குறையவில்லை, கருவிதான் மாறிவிட்டது.

தீர்வு சாதுரியமானது. எந்த எழுத்தும் புள்ளியாக மாறுமுன், "இந்த இடத்தில் இந்தச் சொல்லை வரை" என்று ஒரு கட்டளை கணிப்பொறிக்குள் போகவேண்டும். அந்தக் கட்டளையை வழியிலேயே மறித்துப் படியெடுத்துக்கொண்டால், திரையில் உள்ள சொற்களின் நகல் ஒன்றைத் திரைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். திரைவாசிப்பான் அந்த நகலைப் படிக்கும். 1989-இல் மெக்கின்டாஷுக்காக வந்த அவுட்ஸ்போக்கன், 1990-களின் தொடக்கத்தில் தாட்சர் குழுவினர் உருவாக்கிய ஸ்கிரீன் ரீடர்/2 ஆகியவை இவ்வழியில் முன்னோடிகள்.

இங்கே டெட் ஹென்டர் என்பவரையும் குறிப்பிடவேண்டும். இவர் பொறியாளர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-இல் நேர்ந்த கார் விபத்தில் பார்வையை இழந்தார். பிறகு நிரல் எழுதக் கற்று, 1987-இல் ஒரு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். அங்கே உருவான திரைவாசிப்பானின் பெயர் ஜாஸ். 'பேச்சின் வழியே வேலை பெறுதல்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள் அவை. 1989-இல் பழைய எழுத்துத் திரைக்கும், 1995-இல் விண்டோஸுக்கும் ஜாஸ் வெளிவந்தது.

திரையைப் படிக்காதே, பொருளைச் சொல்!

இதே காலத்தில் வேறொருவர் அடிப்படையையே மாற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அவர் டி. வி. ராமன். 1965-இல் பிறந்து புனேயில் வளர்ந்தவர். கிளாக்கோமா என்ற கண்நோயால் 14 வயதில் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆயினும் கணிதம் பயின்று, பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணிப்பொறியியலில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

கணித நூல்களைப் படிக்கவேண்டிய அவருக்கு, நாம் முதலில் பார்த்த பின்னக்கோட்டின் தொல்லை அன்றாடத் தொல்லை. அதற்கு அவர் கண்ட விடையே அவருடைய முனைவர் பட்ட ஆய்வாயிற்று. ஆஸ்டர் என்ற அந்த அமைப்பு, கணிதச் சமன்பாட்டின் கட்டமைப்பை முதலில் புரிந்துகொண்டு, பிறகு குரலின் வேறுபாடுகளால் அதை உணர்த்தியது. மேலே எழுதும் அடுக்கெண் உயர்ந்த குரலில் வரும். கீழே எழுதும் குறியெண் தாழ்ந்த குரலில் வரும். தமக்கு வழிகாட்டிய நாயின் பெயரையே அந்த அமைப்புக்கு அவர் வைத்தார் என்பது சுவையான செய்தி. 1994-இல் அந்த ஆய்வு அமெரிக்கக் கணிப்பொறியியல் சங்கத்தின் சிறந்த ஆய்வேட்டுப் பரிசைப் பெற்றது.

அடுத்து அவர் நிரல் எழுதும் கருவியின் பக்கம் திரும்பினார். ஈமேக்ஸ் என்பது 1970-களில் தோன்றி, 1980-களில் ரிச்சர்டு ஸ்டால்மனால் புதுப்பித்து எழுதப்பட்ட புகழ்பெற்ற எழுத்துப் பதிப்பி. அதற்குப் பேச்சைக் கொடுக்க ராமன் செய்த அமைப்பு ஈமேக்ஸ்பீக். 1995-இல் அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்.

திரைவாசிப்பானுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவர் காட்டிய நாட்காட்டி உதாரணத்தைப் பார்ப்போம். திரையில் ஒரு மாதத்து நாட்காட்டி இருக்கிறது. 17-ஆம் தேதியின்மேல் நிற்கிறீர்கள். திரையில் உள்ளதை அப்படியே படிக்கும் கருவி, "பதினாலு, பதினைந்து, பதினாறு, பதினேழு..." என்று வரிசையாக ஒப்பிக்கும். அது என்ன கிழமை? மேலே ஏறிப்போய் எந்தப் பத்தியின்கீழ் வருகிறது என்று நீங்களே எண்ணிப் பார்க்கவேண்டும். ஈமேக்ஸ்பீக்கோ கிழமை, மாதம், தேதி, ஆண்டு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும். ஏனென்றால் அது திரையைப் படிப்பதில்லை. நாட்காட்டி நிரலிடமே நேராக விவரம் கேட்கிறது. பத்திகளும் வரிசைகளும் கண்ணுக்காகச் செய்த ஒப்பனை. உள்ளே இருக்கும் பொருள் 'இன்ன நாள்' என்பதுதான். பொருள் கைக்கு வந்தபின், அதைக் கண்ணுக்கு ஒருவிதமாகவும் காதுக்கு வேறுவிதமாகவும் ஒப்பனை செய்யலாம் என்பது ராமனின் கொள்கை.

இதை எப்படிச் சாதித்தார்? ஈமேக்ஸில் 'அட்வைஸ்' என்று ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டளையைத் திருத்தாமலே, அது வேலை செய்வதற்கு முன்போ பின்போ நம் கட்டளை ஒன்றை இணைத்துவிடலாம். "அடுத்த வரிக்குப் போ" என்ற கட்டளை முடிந்தவுடன் "அந்த வரியைச் சொல்" என்பதை ராமன் இணைத்தார். மூல நிரலில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவேண்டியிருக்கவில்லை. இப்படியே நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்குப் பேச்சைச் சேர்த்தார்.

நிறங்களுக்கு ஈடாகக் குரல்களை வைத்தார். மொழியின் கட்டளைச் சொற்கள் ஒரு குரலில் வரும். நிரலர் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகள் வேறொரு குரலில் வரும். மேற்கோளுக்குள் இருப்பவை மூன்றாவது குரலில் வரும். ஒரு மேற்கோள்குறியை மூட மறந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் பின் வரும் பகுதி தவறான குரலில் ஒலிக்கும். பிழை தானாகவே காதில் உறுத்தும். பார்வையுள்ளவருக்கு நிறம் தவறித் தெரிவது போலத்தான் இது. கோப்பு திறந்தால் ஒரு சிற்றொலி, மூடினால் ஒன்று, பிழை நேர்ந்தால் ஒன்று என்று சொற்களுக்கு முன்பே செய்தி வந்துவிடும். இவ்வகைச் சிற்றொலிகளை ஒலிச்சின்னங்கள் எனலாம். வில்லியம் கேவர் என்ற ஆய்வாளர் 1980-களில் இக்கருத்தை விளக்கி, ஆப்பிள் கணிப்பொறியில் செய்தும் காட்டியிருந்தார்.

இந்த அமைப்பில் அமர்ந்துதான் ராமன் தம் அடுத்தடுத்த நிரல்களை எழுதினார். அடோபி, ஐ.பி.எம். நிறுவனங்களில் பணியாற்றி, 2005-இல் கூகுளில் சேர்ந்தார். தம் கருவியைத் தாமே செய்துகொண்ட தச்சரைப் போன்றவர் அவர்.

பல கைகள், பல ஒலிகள்

1990-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பால் விக்கர்ஸ், ஜேம்ஸ் ஆல்ட்டி என்ற இருவர், பாஸ்கல் மொழி நிரல்கள் ஓடும்போது இசையாக ஒலிக்கும் கெய்ட்லின் என்ற அமைப்பைச் செய்தனர். சுழற்சிக்கு ஒரு மெட்டு, நிபந்தனைக்கு ஒரு மெட்டு. முடியவேண்டிய மெட்டு முடியாமல் நீண்டால் அங்கே பிழை என்று ஊகிக்கலாம். மான்செஸ்டரின் பழைய ஒலிபெருக்கி புதிய உருவில் திரும்பியது என்றே சொல்லலாம்.

விலை மற்றொரு தடையாக இருந்தது. நல்ல திரைவாசிப்பான் சில வேளைகளில் கணிப்பொறியைவிட அதிக விலைக்கு விற்றது. 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர், என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பரும் உடன் சேர்ந்தார், அவரும் பார்வையற்றவர். இருவரும் சிறுவயதில் பார்வையற்ற குழந்தைகளுக்கான ஓர் இசை முகாமில் அறிமுகமானவர்கள். அவர்கள் தந்த இந்த மென்பொருள் தமிழிலும் இயங்குகிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழ் எழுத்துகளைப் படிக்கிறது.

பைத்தான் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. அதில் வரி எவ்வளவு உள்தள்ளி இருக்கிறது என்பதே இலக்கணம். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் நிரல் பிழைபடும். என்.வி.டி.ஏ. இதற்குச் சுரத்தைப் பயன்படுத்துகிறது. வரி உள்ளே தள்ளத் தள்ளச் சுரம் ஏறும்; வெளியே வரும்போது இறங்கும். "நான்கு இடைவெளி, எட்டு இடைவெளி" என்று ஒவ்வொரு வரிக்கும் சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏறி இறங்கும் சுரத்திலேயே நிரலின் வடிவம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. பெங்களூரிலுள்ள மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தினர் பார்வையற்ற நிரலர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, 2018-இல் கோட்டாக் என்ற துணைக்கருவியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் நான்கு குறைகளைப் பிரித்துக் காட்டினர். கருவியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று கண்டுபிடிப்பது, நிரலை ஒரு பார்வையில் அளப்பது, அதற்குள் வேண்டிய இடத்துக்கு நகர்வது, மாற்றம் நேர்ந்தவுடன் எச்சரிக்கை பெறுவது ஆகிய நான்கிலும் பார்வையற்றோர் பின்தங்க நேர்கிறது. கோட்டாக்கில், தட்டச்சு செய்யும்போதே பிழை நேர்ந்தால் ஓர் ஒலி எழும். நிரலின் ஏதாவது ஒரு வரியில் 'பேசும் புள்ளி' ஒன்றை நட்டுவைக்கலாம். நிரல் ஓடி அந்த இடத்தை அடையும்போது ஒலி எழுப்பும், அல்லது ஒரு மாறியின் மதிப்பைச் சொல்லும்.

2022-இல் மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற பதிப்பியிலேயே இத்தகைய ஒலிக்குறிகள் இடம்பெற்றன. பிழையுள்ள வரிக்கு வந்தால் ஓர் ஒலி, நிரலை நிறுத்திவைக்கும் புள்ளி உள்ள வரிக்கு வந்தால் வேறோர் ஒலி. உலகெங்கும் மிகப் பலர் பயன்படுத்தும் கருவி அது. தனியே தேடி வாங்கவேண்டியிருந்த வசதி, பொதுக் கருவியின் உறுப்பாகவே வந்துவிட்டது.

இன்னும் இருப்பவை

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கட்டங்களும் அம்புகளுமாக வரையும் வரைபடங்களை ஒலியாக்குவது இன்னும் கடினம். பள்ளிக் குழந்தைகளுக்கு நிரலாக்கம் கற்பிக்க வண்ணக் கட்டைகளை இழுத்து ஒட்டும் முறை பல இடங்களில் வழக்கில் உள்ளது. பார்வையற்ற குழந்தை அந்த வகுப்பில் முதல் நாளே ஒதுங்கி உட்கார நேரலாம். பெயரிடப்படாத ஒரு பொத்தான் திரையில் இருந்தால், திரைவாசிப்பான் "பொத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். எதற்கான பொத்தான் என்பதை நிரல் எழுதியவர் சொல்லிவைக்கவில்லையே!

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் நாளை நிரல் எழுதப்போகிறவர்கள். அப்போது ஒன்று செய்யுங்கள். நீங்கள் உருவாக்கியதை ஒருநாள் திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானின் குரலை மட்டும் கேட்டு இயக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே ஒரு பெயரோ, ஒரு சொல்லோ, ஒரு சிற்றொலியோ விடுபட்டிருக்கும். அதைச் சேர்க்கச் சில நிமிடங்கள் போதும். சேர்க்காமல் விட்டால், உங்களைப் போன்றே படித்துத் தேர்ந்த ஒருவர் அந்த இடத்தில் நின்றுவிட நேரும்.